லூயி பிரெயில்

பார்வையற்றோர் விரலாற் படிக்கும் புள்ளியெழுத்தைப் பலரும் அறிவர். அதனை அமைத்தவர் பதினைந்து வயதுச் சிறுவர் என்பதை அறிந்தார் சிலரே. அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

பிரெஞ்சு தேசத்தில், பாரிசு மாநகர்க்குக் கிழக்கேயுள்ள கூப்வ்ரே என்னுஞ் சிற்றூரில், குதிரைச் சேணம் தைத்து வாழ்ந்த ஒருவர்க்கு மகனாக, 1809ஆம் ஆண்டு சனவரி மாதம் 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் குத்தூசியை எடுத்து விளையாடுகையில் அது ஒரு கண்ணிற் பாய்ந்தது. அப்புண் மற்றைக் கண்ணையும் பற்றவே, ஐந்து வயதிற்குள் இரு கண்ணும் இருண்டன. ஊர்க் குருவானவர் அவர்க்குப் பாடஞ் சொன்னார். 1819இல் பாரிசிலிருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியிற் சேர்ந்தார்.

அப்பள்ளியை நிறுவிய வலாந்தேன் அயுயி என்பார் பெருந்தகையாளரே. ஆயினும் அவர் செய்வித்த நூல்களில், கண்ணுடையோர் வாசிக்கும் உரோம எழுத்துக்களே தாளின்மேற் புடைத்து நின்றன. கண்ணுக்கு அவை இனியன. விரலோ ஒவ்வொரு வளைவையுந் தடவித் தடவி அறிதல் வேண்டும். நூல்களும் பெரியன, கனமுடையன. அவ்வெழுத்தால் மாணவர் தாமே எழுதுதலும் எளிதன்று. உபகாரஞ் செய்தார் தங்கண்ணைக் கேட்டனரேயன்றிப் படிப்போர் விரலைக் கேட்டிலர். இது பழங்கதையன்று. இன்றைய இணையவழிப் பாடங்களிலும், படம் மாத்திரம் பொறித்துப் பெயரிடாது விட்ட பொத்தான்களைத் திரைவாசிப்பான் பொத்தான், பொத்தான் என்றே ஒலிக்கும். எதனை அழுத்துவதென அறியாது பார்வையற்ற மாணவர் திகைப்பர்.

படைவீரராயிருந்த சார்ல் பார்பியே என்பார், 12 புள்ளிகளாலாகியதோர் எழுத்துமுறையை 1821இல் அப்பள்ளிக்கு அறிவித்தார். புள்ளி விரலுக்கு உகந்ததே. ஆனாற் பன்னிரண்டும் விரல்நுனியில் ஒருங்கே அடங்கா. அன்றியும் அம்முறை ஒலிகளைக் குறித்ததேயன்றிச் சொற்களின் எழுத்துக்கூட்டலைக் குறித்திலது. பிரெயில் இதனை ஓயாது ஆராய்ந்து, 1824இல் மும்மூன்றாய் இரு நிரலில் நிற்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஒரு தொடுகையில் ஓரெழுத்து விளங்கிற்று. 63 வடிவங்கள் அமைந்தன. கண்ணைக் கெடுத்த குத்தூசி போன்றதொரு கூர்ங்கருவியே அவ்வெழுத்துக்கு எழுதுகோலாயிற்று!

1829இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். அப்பள்ளியிலேயே ஆசிரியராகி, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் வந்தார். 1840இல் தலைமையேற்ற ஒருவர் புள்ளியெழுத்தை விலக்கினார். மாணவரோ மறைவாக எழுதுதலை விட்டிலர். 1844இல் விலக்கு நீங்கிற்று. காசநோயால் நெடுநாள் வருந்திய பிரெயில் 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் 43ஆம் வயதில் உயிர் நீத்தார். பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றது அதற்கு இரண்டாண்டு பின்னரே.

இந்திய மொழிகட்கெனப் பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழும் அவ்வாறு புள்ளிகளில் அடங்கிற்று. இக்காலத்திற் கணினியோடிணைத்த பிரெயிற் கருவியில் அப்புள்ளிகளே விரலின்கீழ் எழுந்து தாழ்கின்றன.