வில்லியம் ஹோய்

வில்லியம் எல்ஸ்வொர்த் ஹோய் (மே 23, 1862 – டிசம்பர் 15, 1961) ஐக்கிய அமெரிக்காவின் தொடக்ககாலத் தொழில்முறை பேஸ்பால் வீரர்களுள் ஒருவர் ஆவார். காது கேளாதவரான இவர், 1888 முதல் 1902 வரை மேஜர் லீக் எனப்படும் முதன்மைக் கூட்டிணைவுகளில் நடு வெளிக்களத்தில் விளையாடினார். டம்மி ஹோய் என்றே பரவலாக அறியப்படுகிறார். ஊமை எனப் பொருள்படும் அச்சொல் பின்னாளில் இழிசொல்லாகக் கருதப்பட்டது. எனினும் ஹோய் அதனைத் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

இளமை

ஒகையோ மாநிலத்தின் ஹவுக்டவுனில் பிறந்த ஹோய், குழந்தைப் பருவத்தில் மூளையுறை அழற்சியால் கேட்கும் திறனை இழந்தார். கொலம்பசில் உள்ள காது கேளாதோர் பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, செருப்புத் தைக்கும் கடை நடத்தினார்.

ஆட்டம்

1888இல் வாசிங்டன் அணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே 82 தளத் திருட்டுகளுடன் தேசியக் கூட்டிணைவில் முதலிடம் பெற்றார். (அக்காலத்தில் இவற்றைக் கணக்கிட்ட முறை பிற்கால முறையிலிருந்து வேறுபட்டது.) 1889 ஜூன் 19 அன்று ஒரே ஆட்டத்தில் மூன்று எதிரணி வீரர்களை, வெளிக்களத்திலிருந்து நேரே மூலத்தளத்துக்குப் பந்தெறிந்து ஆட்டமிழக்கச் செய்தார். உயர எழும் பந்தைத் தாம் பிடிக்கப்போவதாயின் தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுப்புவார். அவ்வொலி கேட்டதும் சக வீரர்கள் விலகிக்கொள்வர். இதனால் மோதல்கள் தவிர்க்கப்பட்டன. 1901இல் வாகை சூடிய சிக்காகோ அணியிலும் இடம்பெற்றார். மறு ஆண்டு சின்சினாட்டி அணிக்காக ஆடியபோது, காது கேளாத மற்றொரு வீரரான லூதர் டெய்லரின் பந்துவீச்சை எதிர்கொண்டார்.

நடுவர் சைகைகள்

ஒவ்வொரு பந்துக்கும் நடுவரின் தீர்ப்பை அறிய ஹோய் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் ஆயத்தமாவதற்குள் வீச்சாளர்கள் அடுத்த பந்தை வீசிவிடுவர். எனவே மூன்றாம் தளத்தருகே நிற்கும் தம் அணிப் பயிற்றுநர் வலக்கையையோ இடக்கையையோ உயர்த்தித் தீர்ப்பைத் தெரிவிக்குமாறு ஏற்பாடு செய்துகொண்டார். நடுவர்களின் கைச்சைகைகள் இவராலேயே தோன்றின என்னும் கூற்று புகழ்பெற்றதாயினும், அக்கால நாளிதழ்களில் அதற்குத் தெளிவான சான்று இல்லை. நடுவர்களிடையே அச்சைகைகள் பரவியது ஹோய் ஓய்வுபெற்ற பின்னரே. சைகை செய்தவர் பயிற்றுநர் என்பதும், அதற்கு வழிசெய்தவர் ஹோய் என்பதுமே உறுதியானவை.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின் சின்சினாட்டி அருகே பால்பண்ணை நடத்தினார். 1961 அக்டோபர் 7 அன்று, தமது 99ஆம் வயதில், உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தைச் சின்சினாட்டியின் கிராஸ்லி திடலில் முதல் பந்தெறிந்து தொடங்கிவைத்தார். அடுத்த இரு மாதங்களில் காலமானார். 2003இல் சின்சினாட்டி அணியின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார்.