பழனிக்கே போகாத பாம்பன் சுவாமிகள்

வேலும் மயிலும் துணை.

பாம்பன் சுவாமிகளைப் பத்தி எழுதுங்கன்னு பல பேர் ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க. அவர் கால் எலும்பு கூடின அற்புதம் எல்லா குரூப்பிலயும் சுத்திட்டுதான் இருக்கு. அதையும் சொல்றேன். ஆனா இந்தப் பதிவை எழுத வெச்சது வேற ஒரு கேள்வி.

சமீபமா இந்த மாதிரி மெசேஜ் நிறைய வருது. 48 நாள் வேல்மாறல் படிச்சேன், இப்போ வேலையை விட்டுடணும்னு தோணுது, இது முருகன் சொல்றதுன்னு எடுத்துக்கலாமா? சஷ்டி விரதம் முடிச்சேன், இந்த வருஷம் யூபிஎஸ்சி எழுதணும்னு உத்தரவு வந்த மாதிரி இருக்கு, எழுதட்டுமா? கேக்கறவங்க எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்க. வாழ்க்கைக்கு ஒரு திசை வேணும். அந்தத் திசையை முருகனே காட்டிட்டா தேவலைன்னு நினைக்கிறாங்க. ஆசை நியாயமானதுதான். இதே இடத்துல சுவாமிகளும் ஒரு நாள் நின்னார். அன்னைக்கு அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்கு ஆயுசு முழுக்க விலை கொடுத்தார்.

அவருக்கு வீட்டுல வெச்ச பேர் அப்பாவு. அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் தென்னந்தோப்பும் வியாபாரமும் உள்ள சைவக் குடும்பம். பையனுக்கு கந்தர் சஷ்டி கவசத்து மேல பெரிய ஈடுபாடு. தானும் அந்த மாதிரி முருகனைப் பாடணும்னு ஆசை வந்தது. அப்போ பதின்மூணு வயசுதான் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, சூரியன் உதிக்கிற நேரத்துல, தோப்புல உட்கார்ந்து முதல் பாட்டை ஓலையில எழுதினார். அருணகிரிநாதரை ஞானகுருவா வரிச்சுக்கிட்டதால பாட்டோட முடிவுல அவர் பேரை வெச்சார்.

இதுவரைக்கும் ஒரு சிறுவனோட ஆசை, அவ்ளோதான். அடுத்து அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பெரிய புலவன் ஆகணும், ஆயிரம் பாட்டு பாடணும்னு எல்லாம் அவர் சொல்லிக்கல. தினமும் ஒரு பாட்டு. அதை எழுதி முடிச்ச பிறகுதான் மதியச் சாப்பாடு. ஒவ்வொரு பாட்டும் அருணகிரிநாதர் பேரோட முடியணும். இப்படியே நூறு நாள், நூறு பாட்டு.

ஆஃபீஸ்ல வருஷா வருஷம் கோல் ஷீட் நிரப்பச் சொல்வாங்க. அளக்கக்கூடியதா இருக்கணும், தேதி இருக்கணும்னு ஒரு மணி நேரம் டிரெய்னிங் வேற. தோப்புல உட்கார்ந்திருந்த பையனுக்கு இதை யாரும் சொல்லித் தரல. ஆனா அந்த சங்கல்பத்துல எல்லாமே இருக்கு பாருங்க. முடிச்சாச்சா இல்லையான்னு சந்தேகமே வராது, உச்சிப்பொழுது வந்தா பசி வந்து கணக்கு கேக்கும். முக்கியமா, அதுல மத்தவங்க தயவு எதுவும் தேவைப்படல. பாட்டு நல்லா வருதா இல்லையாங்கறது முருகன் கையில. உட்கார்ந்து எழுதறது அப்பாவு கையில.

சேது மாதவ ஐயர்ங்கற பெரியவர் இந்தப் பையனை அடையாளம் கண்டுகொண்டார். விஜயதசமி அன்னைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல நீராட வெச்சு, ஆறெழுத்து மந்திரத்தை உபதேசம் பண்ணினார். அப்புறம் 1878-ல ராமநாதபுரத்தில காளிமுத்தம்மாளோட கல்யாணம், மூணு குழந்தைகள். குடும்பம், வியாபாரம், தோப்பு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே பூஜையும் பாட்டும் நடந்துட்டு இருந்தது. சுவாமிகள் ஏதோ பிறக்கும்போதே காவியோட பிறந்த மாதிரி நம்மில் சிலர் நினைக்கிறோம். வரவு செலவு பார்த்த மனுஷர்தான் அவர்.

1891-ல சண்முக கவசம் பிறந்தது. முப்பது பாடல். உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் வரிசையா ஒரு பாட்டு. தினமும் படிக்கிறவங்களுக்குத் தெரியும், நடுவுல ஒரு பாட்டு விட்டுப்போனா அகர வரிசையே காட்டிக் கொடுத்துடும். நோயிலயும் பயத்திலயும் இருக்கிற அடியார்களுக்காக அவர் செஞ்சு வெச்ச காப்பு அது. முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு அதுவே அவருக்குத் தேவைப்படும்னு அன்னைக்கு அவருக்குத் தெரியாது.

இப்போ பழனி விஷயத்துக்கு வர்றேன்.

குடும்பத்துல இருந்த காலத்துலயே அவருக்குத் துறவு எண்ணம் வந்துடுச்சு. பழனிக்குப் போய்த் துறவியாகிடணும்னு முடிவு பண்ணி, நண்பர் அங்கமுத்துப் பிள்ளைகிட்ட விஷயத்தைச் சொன்னார். அவருக்குச் சந்தேகம். இது முருகனோட உத்தரவான்னு கேட்டார். சுவாமிகள் ஆமாம்னு சொல்லிட்டார்.

உத்தரவு எதுவும் வரல. ஆசை மட்டும்தான் இருந்தது.

அன்னைக்கே முருகன் துறவிக் கோலத்தில், கோபத்தோடு, ஆள்காட்டி விரலை அசைத்து எச்சரிக்கிற தோற்றத்தில் அவர் முன்னாடி வந்து, ஏன் பொய் சொன்னாய்னு அதட்டியதா சுவாமிகளோட சரித்திரம் சொல்லுது. ஆன்மிக லாபத்துக்காகச் சொன்னேன்னு அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தும் நடக்கல. நான் கூப்பிடுகிற வரைக்கும் பழனிக்கு வரக் கூடாதுன்னு முருகன் தடை போட்டார். சுவாமிகள் ஒப்புக்கொண்டார். அந்த அழைப்பு கடைசி வரைக்கும் வரவே இல்லை. அவரும் போகவே இல்லை.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. நமக்கெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா விடியும்போது பழனி அடிவாரம். தண்டாயுதபாணியை நினைச்சு உருகிப் பாடின ஒருத்தருக்கு அந்தப் படி மிதிக்கக் கொடுத்து வைக்கல.

முதல்ல இதைப் படிச்சப்போ தண்டனை கொஞ்சம் அதிகமோன்னு எனக்குத் தோணுச்சு. அவர் கேட்டது காசு பணமா என்ன? துறவுதானே, நல்ல இலக்குதானே? திரும்பத் திரும்பப் படிச்ச பிறகுதான் ஒண்ணு புரிஞ்சுது. முருகன் அந்த இலக்கைக் குறை சொல்லவே இல்லை. பின்னாடி அதே துறவை அவருக்குக் கொடுக்கவும் செஞ்சார். தடுத்தது அந்த 'ஆமாம்'ங்கற சொல்லைத்தான். எனக்கு ஆசையா இருக்கு, நான் போறேன்னு சொல்லியிருந்தா நண்பர் நாலு கேள்வி கேட்டிருப்பார். பொண்டாட்டி, பிள்ளைங்களை யார் பார்க்கிறது, இதுதான் நேரமா, அப்படின்னு. முருகன் உத்தரவுன்னு சொன்ன உடனே அந்தக் கேள்வி எல்லாம் வாயை மூடிடும். மத்தவங்க வாயை மட்டும் இல்லை, நம்ம மனசோட வாயையும் சேர்த்து. வேலையை விடட்டுமான்னு கேக்கற தம்பி தங்கைகள் இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க. உங்க ஆசை தப்புன்னு நான் சொல்ல வரல. அது உங்க ஆசைன்னே சொல்லுங்க, உங்க பேர்லயே வீட்டுல பேசுங்க.

இதுக்கப்புறம் சுவாமிகள் எப்படி மாறினார்னு பிரப்பன்வலசையில தெரியுது. ராமநாதபுரம் பக்கம் கடலோரக் கிராமம் அது. 1894-ல அங்க மயானத்தில ஒரு குழி வெட்டி, மேல கொட்டகை போட்டு, உள்ளே தவத்துக்கு உட்கார்ந்தார். முருகனை நேர்ல பார்த்து உபதேசம் வாங்காம எழுந்திருக்கிறதில்லைன்னு உறுதி. பயமுறுத்தல், தொந்தரவு எல்லாம் வந்துச்சு, அசையல. ஒரு ராத்திரி ரெண்டு முனிவர்களோட முருகன் வந்து ஒரு சொல்லை உபதேசம் செய்துட்டுப் போனதாகச் சொல்வாங்க. வந்த காரியம் முடிஞ்சுது, எழுந்து வந்திருக்கலாம். வரல. திரும்பவும் தவத்தில் உட்கார்ந்துட்டார். முப்பத்தைந்தாவது நாள், எழுந்திருன்னு ஒரு குரல் கேட்டுது. அப்பவும் எழுந்திருக்கல. இது முருகன் கட்டளையானால்தான் எழுவேன்னு பதில் சொன்னார். அவர் கட்டளைதான்னு குரல் உறுதி சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். அன்னைக்கு சித்ரா பௌர்ணமி.

பழனி விஷயத்தில, கேட்காத உத்தரவைக் கேட்டதா சொன்னவர். இங்க காதுல விழுந்த உத்தரவையே யாரோடதுன்னு விசாரிக்கிறார். சண்முக கவசத்துக்கு அடுத்தபடியா எனக்குச் சுவாமிகள்கிட்ட ரொம்பப் பெருசாத் தெரியறது இந்த இடம்தான்.

அடுத்த வருஷம், 1895-ல, வீட்டை விட்டுக் கிளம்பினார். துறவு கேட்ட நேரத்தில கிடைக்கல, வேற நேரத்தில, வேற திசையில கிடைச்சுது. பழனி இருக்கிற பக்கம் போகாம வடக்கே சென்னைக்கு வந்தார். பங்காரு அம்மாள்ங்கற அம்மையார் கனவுல முருகன் முன்கூட்டியே சொல்லி, அவர் வீட்டில தங்க இடம் கிடைச்சுதுன்னு சொல்வாங்க. காஞ்சிபுரம் போனப்போ ஊர்க் கோயில்களை எல்லாம் பார்த்துட்டு, குமரகோட்டத்தைப் பார்க்காமலே கிளம்பப் போனார். யாரோ ஒருத்தர் வழியில நிறுத்தி, குமரகோட்டம் பார்த்தாச்சான்னு விசாரிச்சு, கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு மறைஞ்சுட்டார். காசி வரைக்கும் யாத்திரை போனார். அங்க குமரகுருபரர் மடத்துப் பெரியவர் கொடுத்த காவியை உடுத்தினார்.

எழுத்து மட்டும் நிக்கவே இல்லை. மொத்தம் 6666 பாடல்கள். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சாக்கூட பதினெட்டு வருஷத்துக்கு மேல ஆகும், நானே கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். தோப்புல மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணுன்னு ஆரம்பிச்ச பழக்கம் எங்க வந்து நிக்குது பாருங்க.

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெருவில நடந்து போய்ட்டு இருந்தார். ஒரு குதிரை வண்டி மோதி, சக்கரம் இடது கால் மேல ஏறி எலும்பு முறிஞ்சுது. அரசு பொதுமருத்துவமனையில சேர்த்தாங்க. வயசோ எழுபதுக்கு மேல. உப்பு, புளி, காரத்தை எப்பவோ விட்டுட்ட உடம்பு, எலும்பு கூடறது கஷ்டம்னு டாக்டர்கள் கைவிரிச்சுட்டாங்க. சீடர் சின்னசாமி ஜோதிடர் சண்முக கவசத்தை விடாம ஓத ஆரம்பிச்சார். மத்த அடியார்களும் சேர்ந்துகிட்டாங்க. அவர் எழுதினதை அவருக்காக மத்தவங்க படிச்சாங்க. பதினோராம் நாள் ராத்திரி வானத்துல ரெண்டு மயில்கள் ஆடி வர்ற காட்சியும், படுக்கையில பக்கத்திலேயே ஒரு சிவந்த குழந்தை படுத்திருக்கிற காட்சியும் அவருக்குக் கிடைச்சுது. கால் கூடிடுச்சு. பழனிக்கு வராதேன்னு சொன்னவர், ஆஸ்பத்திரி வார்டுக்குத் தானே வந்துட்டார்னு எங்க பாட்டி இதைச் சொல்லும்போது எல்லாம் கண்ணைத் துடைச்சுப்பாங்க.

அந்த நாளைத்தான் இன்னைக்கும் மார்கழி மாசத்துல மயூரவாகன சேவனமா கொண்டாடறோம். சுவாமிகள் 1929 மே 30 அன்று சமாதி அடைந்தார். சமாதிக் கோயில் திருவான்மியூர்ல, கலாக்ஷேத்ரா ரோட்டுல இருக்கு. ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறவங்க சாயங்காலம் ஷிஃப்ட் முடிச்சுட்டே போய்ட்டு வரலாம், சத்தமே இல்லாத இடம். சண்முக கவசம் புத்தகம் கையில எடுத்துட்டுப் போங்க. முப்பது பாட்டையும் நிதானமா படிக்க அரை மணி நேரம் போதும்.

முருகா சரணம்.