உப்புக் கணக்கு எழுதியவர் ஊரூராய்ப் பாட்டுக் கட்டினார்! - சங்கரதாஸ் சுவாமிகளின் 'டூர்' வாழ்க்கை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஆறுமுகநேரி, சாகுபுரம் பக்கம் வரும்போது ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கும். அடுத்த தடவை அந்த வழியாகப் போகும்போது ஒரு கணக்குப்பிள்ளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதே கடற்கரையில், தூத்துக்குடியில், உப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவர். 24 வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அதற்குப் பிறகு 31 வருஷம், ஊர் ஊராகப் போவதுதான் அவர் வாழ்க்கை.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். பெயர் தெரிந்திருக்கும். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியே இவர் பெயரில்தான் நின்றது. ஆனால், மனுஷர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. இன்று ஒரு மியூசிக் பேண்ட் வேனில் ஏறி நாலு ஊர் சுற்றிவிட்டு வந்தாலே அதை டூர் என்கிறோம். சுவாமிகளுக்கோ டூர் முடிந்து திரும்பிப் போக ஒரு வீடே இல்லை!

கணக்கிலிருந்து கொட்டகைக்கு...

1867-ல் தூத்துக்குடி பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அப்பா தாமோதரம், ராமாயணத்தில் ஊறிய தமிழ்ப்புலவர். முதல் வாத்தியாரும் அவர்தான். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படித்தார். வெண்பாவும் சந்தமும் கைக்கு வந்த பையன், பிழைப்புக்காக உப்புக் கணக்கில் உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். தூத்துக்குடிக்கு ரயில் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ரயில் வந்ததும் நாடகக் கம்பெனிகளுக்குக் கால் முளைத்தது. திரைச்சீலை, உடைப்பெட்டி, ஆர்மோனியம், ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இன்று மதுரை, அடுத்த மாசம் தஞ்சாவூர் என்று போக முடிந்தது.

1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த சபா அது. நாடகம் முடிந்தால் வீட்டுக்குப் போய், காலையில் வேலைக்குக் கிளம்பிவிடலாம். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் சங்கரதாஸ் உப்புக் கணக்கை மூடிவைத்துவிட்டு, நாடகமே பிழைப்பாக இருந்தவர்களோடு போய்ச் சேர்ந்தார். இவர்களுக்கு நாடகம் நடந்தால்தான் சோறு.

அந்தச் சோறும் சும்மா வராது. மைக் கிடையாது. கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் பாட வேண்டும், அதுவும் விடிய விடிய. பகலில் கம்பெனி வீட்டில் பாயை விரித்துத் தூக்கம். சாயங்காலம் மறுபடி அரிதாரம். வசூல் இறங்கினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

எமன் வேஷமும் ஒரு முடிவும்

ஆரம்பத்தில் அவர் நடிகர். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று எல்லாமே மிரட்டுகிற வேஷங்கள். கட்டையான குரல், கனத்த உருவம். நாடக உலகம் இன்றைக்கும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 'சாவித்திரி' நாடகத்தில் அவர் எமனாக வந்த கோலத்தைப் பார்த்து, கொட்டகையில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம். இன்னோர் ஊரில், சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்க்கரைக்குப் போனவரைப் பார்த்த ஒரு பெண், பயந்து அங்கேயே உயிரை விட்டாராம்.

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு வாய்வழி வளர்ந்தது என்று நாம் வழக்காட வேண்டாம். ஆனால், அவர் எடுத்த முடிவைப் பாருங்கள். இப்படி ஒரு பெயர் கிடைத்தால், அதையே நோட்டீஸில் போட்டு டிக்கெட் விற்றிருக்கலாம். அவரோ வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டார். எழுதுவது, சொல்லிக்கொடுப்பது என்று வாத்தியார் ஆனார்.

நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியாகத் தலம் தலமாகவும் அலைந்தார். சுவாமிகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். அப்படிப் போனவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை மகனைப் போல வைத்துக்கொண்டார். தாளமும் லயமும் அங்கே பட்டை தீட்டப்பட்டன. நாடகம் மறுபடியும் இழுத்தது, திரும்பி வந்தார்.

பையன்கள் கம்பெனி

திரும்பி வந்தாலும் நடிகர்களை மேய்ப்பது லேசான காரியம் இல்லை. எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். மேடையிலேயே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். குடி வேறு. 1910-ல் சமரச சன்மார்க்க சபையைத் தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டையே கிறங்கவைத்த எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே பயிற்சி எடுத்தவர்தான். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபா. முழுக்க முழுக்கப் பையன்கள்!

அதில் சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். தம்பி சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு. அந்தச் சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காக, சுவாமிகள் ஒரே ராத்திரியில் விளக்கடியில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் எழுதி முடித்தார் என்பது நாடகக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற சேதி. பாட்டு, வசனம் எல்லாம் சேர்த்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்!

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால், அந்த வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை, ராத்திரி கண்விழித்து மேடையில் நின்றது. பல பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 13, 14 வயசில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜா வேஷம் போட்ட பையன் இன்று ஓரத்தில் நிற்பான். குரல் திரும்பினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வேறு பிழைப்பு. உச்சிக்குப் போன கிட்டப்பாவும் 1933-ல், 27 வயசிலேயே போய்விட்டார்.

சுவாமிகள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்? வாய் நிறையத் தமிழ் கொடுத்தார். எழுத்து கூட்டத் தெரியாத பையனுக்கும் வெண்பாவும் கலித்துறையும் மனப்பாடம் ஆயின. கம்பெனி கலைந்தாலும் பாடம் கூடவே போகும். சண்முகம் பிற்காலத்தில் அவ்வையாராக வேஷம் கட்டி 'அவ்வை சண்முகம்' ஆனார். தன் வாத்தியாரைப் பற்றி எழுதி, அவர் நாடகங்கள் மறக்கப்படாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே.

பேச்சு நின்ற பிறகும்...

கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது. வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொடுத்தே பழகிய வாய்க்குப் பேச்சு நின்றுபோனது. போய்ப் படுக்க ஒரு வீடு, மனைவி, பிள்ளை? யாரும் இல்லை. இருந்தது பையன்கள்தான். கம்பெனி எந்த ஊருக்குப் போனதோ, அந்த ஊருக்கு அவரும் கூடவே போனார். 1922 நவம்பர் 13, புதுச்சேரி முகாமில் இறந்தார். வயது 55. சமாதியும் அங்கேதான், கருவடிக்குப்பத்தில்.

சேர்த்துவைத்த சொத்து என்ன என்று கேட்கிறீர்களா? நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, நல்லதங்காள்... நம் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றைக்கும் நோட்டீஸில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. திருவிழாவில் நீங்கள் பார்க்கிற 'ஸ்பெஷல் நாடக'த்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். சில சமயம் ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பார்கள். ஆனாலும், விடிகிற வரை நாடகம் தடுமாறாமல் நடக்கும். காரணம், எல்லாருக்கும் தெரிந்த பாடம் ஒன்றுதான். அது சுவாமிகளின் பாடம். வீடில்லாமல் அலைந்த மனுஷர், எந்த ஊர்க் கலைஞரும் எந்த ஊர்க் கலைஞரோடும் சேர்ந்து பிழைக்கிற மாதிரி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த கொடையிலோ பங்குனித் திருவிழாவிலோ 'வள்ளி திருமணம்' போட்டால், பத்து மணிக்குச் சேர் பிடிக்காதீர்கள். ஒன்பது மணிக்கே போய், மேடைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேலனும் வள்ளியும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, எத்தனை கட்டையில் பாடலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.