மண்மனை வகுத்த ஹஸன் ஃபத்ஹியார்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம்மூர் சென்றிருந்தபோது, எம் பாட்டனார் கட்டிய மண்சுவர் வீடு இடிக்கப்பெற்று, அவ்விடத்தே கான்கிரீட்டுத் தளம் இட்ட புதுமனை ஒன்று எழுந்து நிற்கக் கண்டோம். வீட்டார் அனைவர்க்கும் பெருமகிழ்ச்சி. எமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், பகலெல்லாம் வாங்கிய வெம்மையை இரவெல்லாம் உமிழும் அத்தளத்தின் கீழ்த் துயிலின்றிப் புரண்ட இரவுகளில், எகிப்து நாட்டுக் கட்டடக்கலை வல்லுநர் ஒருவரின் வரலாறு எம் உள்ளத்தே வந்து வந்து நின்றது. அவர்தாம் ஹஸன் ஃபத்ஹி என்பார். நம் கல்லூரி அன்பருட் சிலரேனும் அவர் பெயரைக் கேட்டிருத்தல் கூடும். கேளாதார் பொருட்டு அவர்தம் வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஃபத்ஹியார் 1900-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரிலே செல்வக் குடியொன்றிற் பிறந்தார். தந்தையார்க்கு நிலபுலங்கள் மிகுதியாக இருந்தும், நாட்டுப்புறம் என்றாலே அருவருப்பு. ஈயும் கொசுவும் கெட்ட நீரும் நிறைந்த இடம் என்பதே அவர் கருத்து. ஆதலின் மக்களை அங்குச் செல்ல விட்டிலர். அன்னையாரோ இளமையிற் சிற்றூரில் வாழ்ந்தவர். அவ்வின்ப நாட்களைக் கதை கதையாக மைந்தனுக்குச் சொல்லுவார். இவ்விருவர் சொல்லையும் கேட்டு வளர்ந்த சிறுவன் உள்ளத்தில் நாட்டுப்புறம் ஒருபால் சுவர்க்கமாகவும், அச்சுவர்க்கத்தை நோயும் அழுக்கும் கெடுத்து வைத்திருப்பதாகவும் பதிந்துவிட்டது. அதனைச் சீர்ப்படுத்த வேண்டும் என்னும் ஆவலால் உழவுக் கல்லூரியிற் சேர முயன்றார். வாய்மொழித் தேர்விற் பயிர்களைப் பற்றி வினவிய வினாக்களுக்கு விடை தெரியாது விழித்துத் தோற்றார். வயலையே கண்டறியாதவர் வேறு யாது செய்வார்! பின்னர்க் கட்டடக்கலை பயின்று, 1926-ஆம் ஆண்டிற் கெய்ரோ நகரிற் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் தல்கா என்னும் சிற்றூரிற் பள்ளிக்கூடம் ஒன்று கட்டுவிக்கச் சென்றார். அவ்வூரின் அழுக்கும் வறுமையும் அவரைப் பெரிதும் வருத்தின. அதன்பின் தம் குடும்பத்தாரது பண்ணையையே முதன்முறையாகச் சென்று பார்த்தார். தம் வீட்டுச் செல்வத்தை விளைத்துத் தரும் உழவர்கள் குனிந்து நுழையும் இருண்ட குடில்களிற் கால்நடைகளோடு நெருங்கிக் கிடத்தலைக் கண்டு வெட்கினார். அவர் வாழ்க்கையின் திருப்பம் அன்று தொடங்கிற்று என்பது எம் துணிபு.

ஏழைக்கு வீடு கட்டப் பொருள் எங்கே? மண் விலையின்றிக் கிடைப்பது. வைக்கோலொடு மண்ணைப் பிசைந்து அச்சிலிட்டு வெயிலில் உலர்த்திய பச்சைக்கல்லால் எகிப்திய உழவன் பன்னூறு தலைமுறையாகச் சுவர் எழுப்பி வந்திருக்கின்றான். இடையூறு கூரையில்தான். எகிப்தில் மரம் அரிது. இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டதும், பிற நாடுகளிலிருந்து வரும் மரமும் இரும்பும் அரியவாயின. அங்ஙனமாயின் கூரையையும் மண்கல்லாலேயே வளைத்துக் கட்டினால் என் என்று ஃபத்ஹியார் எண்ணினார். வளைவு கட்டுதற்குக் கொத்தர் செண்டரிங் என வழங்கும் மரத்தாங்கி வேண்டும். மரம் வாங்க வலியற்றவன் தாங்கிக்கு மட்டும் மரத்துக்கு எங்கே போவான்? தாங்கியின்றிக் கட்டிப் பார்த்தார். கட்டிய வளைவுகள் சரிந்து வீழ்ந்தன.

அந்நிலையில், அசுவான் அணைக்கட்டு வேலையில் இருந்த அவர் தமையனார், அப்பக்கத்து நூபியர்கள் எவ்வகைத் தாங்கியும் இன்றி வளைவுக் கூரை அமைக்கின்றனர் என்று தெரிவித்தார். 1941-ஆம் ஆண்டு ஃபத்ஹியார் தம் மாணவருடன் அசுவானுக்குச் சென்றார். நைலாற்றின் மேற்கரையில் கர்ப் அசுவான் என்னும் ஊரில் நுழைந்ததும் அவர் தேடிய பொருள் அவர் கண்முன்னே நின்றது. வெண்சுதை பூசி, வண்ணக் கோலம் தீட்டி, வளைவுக் கூரையும் குவிமாடமும் உடையனவாய், ஒன்றைப்போல் ஒன்று இல்லாத வீடுகள்! அவற்றைக் கட்டியோர் எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர். அவ்வழியிலேயே லக்சர் நகரருகே இரமேசியம் கோயிலின் பழங்களஞ்சியங்களையும் கண்டார். மூவாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட அம்மண்கல் வளைவுகள் இன்னும் வீழாது நின்றன. மண் நிலையாது என்பாரை மறுக்க வேறு சான்று வேண்டுமோ?

அக்கொத்தரது முறை எளியதாயினும் நுட்பமுடையது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம். அறையின் பக்கச் சுவர்களினும் கோடிச் சுவரை உயர்த்திக் கட்டுவர். அக்கோடிச் சுவரில் ஈரமண்ணைப் பூசி, வளைவின் வடிவை யாதொரு கருவியும் இன்றிக் கண்ணளவாலேயே வரைவர். வளைவுக்கெனத் தனியே வார்த்த கற்களில் வைக்கோல் மிகுதியாதலின் அவை எடை குறைந்தவை. அளவு 25 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 5 கனம். கல் ஈரமாக இருக்கும்போதே அதன் அகன்ற முகத்தில் விரலால் வரி இழுத்துவிடுவர். அவ்வரிகளாற் கல் சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதல் வரிசையைக் கோடிச் சுவர்மேற் சாய்த்து வைப்பர். அடுத்த வரிசை அதன்மேற் சாயும், அதன்மேல் அதற்கடுத்தது. இங்ஙனம் ஒவ்வொரு வளையமும் தன் பின்னதன் தோளிற் சாய்ந்து நிற்றலின் தாங்கி வேண்டுவதின்று. இம்முறை இன்று புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லிலும் பயிற்றப்படுகின்றது.

கொத்தர் சிலரைத் தம்முடன் அழைத்துக்கொண்டு மீண்ட ஃபத்ஹியார், சில பண்ணைக் கட்டடங்களை இம்முறையில் அமைத்துக் காட்டினார். கெய்ரோவை அடுத்த மஆதிக்கருகில் வெள்ளத்தால் அழிந்த சிற்றூர் ஒன்றனுக்காக ஒரு மாதிரி வீட்டையும் கட்டினார். குறைந்த செலவில் அழகாக அமைந்த அவ்வீட்டை ஏற்காது, கான்கிரீட்டு வீடுகளையே அவ்வூர்க்குக் கட்டினர். மாதிரி வீடும் இடிக்கப்பட்டது. வீட்டின் அழகும் மலிவும் கண்ணெதிரே நின்றும் அதனைத் தள்ளிய மனப்பான்மை, எம்மூரிலும் யாம் காண்பதே.

இனி அவர் பெயரை உலகறியச் செய்ததும், அவர் நெஞ்சை உடைத்ததுமான செய்திக்கு வருவோம். லக்சர் நகர்க்கு எதிர்க்கரையில் குர்னா என்னும் ஊர் இருந்தது. அவ்வூரார் ஏறத்தாழ 7,000 பேர், பண்டை எகிப்தியப் பெருமக்களின் கல்லறைகள் மேலேயே வீடு கட்டி வாழ்ந்தனர். கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்றலே அவருட் பலர்க்குப் பிழைப்பு. பெயர்பெற்ற பாறைச் சிற்பம் ஒன்று முழுமையாகப் பெயர்த்துக் களவாடப்பட்டபின், தொல்பொருள் துறையார் அவ்வூரையே வேறிடத்துக்கு மாற்றத் துணிந்து, புதுக்குர்னாவை அமைக்கும் பணியை 1945-ஆம் ஆண்டில் ஃபத்ஹியாரிடம் ஒப்படைத்தனர். 50 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது.

ஒரே வடிவான வீடுகளை அணிவகுத்து நிறுத்துதலை அவர் அறவே வெறுத்தார். உறவின் முறையார் சேர்ந்து வாழும் வழக்கை மதித்து, அவ்வக் குடியினர்க்கு ஒரு முற்றம் வகுத்து, அதனைச் சூழ வீடுகளை அமைத்தார். பள்ளிவாசல், அங்காடி, நாடக அரங்கு, சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் எல்லாம் மண்கல்லால் எழுந்தன. வடகாற்றை நோக்கி வாய் திறந்து நிற்கும் மல்கஃப் என்னும் காற்றுவாங்கி எகிப்தின் பழைய அமைப்பு. அதனைப் பள்ளியில் அமைத்து, உள்ளே நீரில் நனைந்த கரித்தட்டை வைத்தார். வகுப்பறையின் வெம்மை 10 பாகை குறைந்ததாம். மின்விசிறியின்கீழ் வியர்த்துக்கொண்டு பாடங் கேட்கும் எமக்கு இதைப் படிக்கையிற் பொறாமையே உண்டாயிற்று. வாய்க்காலிற் குளிக்கும் குழந்தைகளைப் பில்ஹார்சியா என்னும் கொடிய புழுநோய் பற்றுதலின், கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளத்தைத் தூய நீர்க் குளமாக்கி அவர்க்கு அளிக்கவும் கருதியிருந்தார்.

ஆயின் ஊரார் வர விரும்பிலர். கல்லறைகளை விட்டகன்றால் தம் வருவாய் போம் என்பது அவர்க்கு நன்கு தெரியும். அலுவலகங்களிலோ, வைக்கோல் வாங்கவும் கூலி கொடுக்கவும் தாள்கள் மேசைக்கு மேசை ஏறி இறங்கின; திங்கள் பல வீணாயின. ஒரு பருவத்தில் கரையை உடைத்துப் புதிய ஊரினுள் வெள்ளம் பாயவிட்ட கொடுமையும் நிகழ்ந்தது. 1948-ஆம் ஆண்டில் வேலை நின்றுபோயிற்று. திட்டமிட்ட வீடுகளுள் ஒரு சிறு பகுதியே முடிந்திருந்தது; முடிந்தவற்றிலும் குடிபுகுவார் அரியராயினர்.

இத்தோல்விக்கு மண்ணைக் குறை கூறினார் பலர். யாம் அங்ஙனம் கருதவில்லை. எனினும் ஃபத்ஹியார்பாற் பிழையே இல்லை என்றலும் பொருந்தாது. எகிப்தியச் சிற்றூரார்க்குக் குவிமாடம் என்பது பெரியோர் அடக்கங்களை நினைவூட்டுவது. அதனடியில் உண்டு உறங்க அவர் மனம் கூசினர் என்பர். கல்லறையை நம்பிப் பிழைத்தவர்க்கு நெசவும் சாயமும் முதலாய கைத்தொழில்களை ஈடாக அவர் நினைத்ததும், ஏட்டளவில் இனியதேயன்றி வயிறு நிரப்பப் போதியதன்று. ஊரார் எம்மூர் மாற வேண்டும் என்று கேட்டிலர், அரசினர் கேட்டனர். அன்பர் ஒருவர் அவரிடையே சென்றாலும், ஆணையின் துணைகொண்டு சென்றவர் அன்றோ!

மனமுடைந்த அவர் 1957-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஏதென்ஸ் நகரில் டாக்ஸியாடிஸ் என்பாரது நிலையத்திற் பணியாற்றினார். தாயகம் மீண்டு, கார்கா பாலைவனச் சோலையிற் புதுப் பாரிஸ் என்னும் ஊரைத் தொடங்கினார். அதுவும் 1967-ஆம் ஆண்டுப் போரால் நின்றது. இதனிடையே அசுவான் பேரணையின் நீர் நூபியச் சிற்றூர்கள் பலவற்றை விழுங்கிற்று. அம்மக்கள் வரிசை வரிசையான அரசாங்க வீடுகளிற் குடியேற்றப்பட்டனர். அவர் 1941-இற் கண்டு வியந்த கலையின் பெரும்பகுதி இங்ஙனம் நீருள் மறைந்தது.

புகழைத் தேடித் தந்தது கட்டடமன்று, எழுத்தே. குர்னாவின் கதையைத் தம் குறைகளோடும் மறையாது எழுதி 1969-இற் கெய்ரோவில் வெளியிட்டார். அந்நூல் ஏழையர்க்கான கட்டடக்கலை என்னும் பொருள்படும் பெயரோடு 1973-இற் சிக்காகோவில் மறுபதிப்பாகி, உலகெங்கும் இளங்கலைஞர் கையில் தவழ்ந்தது. 1980-ஆம் ஆண்டில் ஆகா கான் தலைவர் பரிசும், ரைட் லைவ்லிஹுட் பரிசும் அவரைத் தேடி வந்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ நாட்டு அபிக்யூ என்னும் ஊரில் மண்கற் பள்ளிவாசல் ஒன்றை எழுப்ப, எண்பது வயதில் நூபியக் கொத்தருடன் கடல் கடந்தார். அக்கொத்தர் அங்குள்ளார்க்கு ஆசிரியராயினர்.

கெய்ரோவின் பழைய பகுதியில் தர்பு அல்-லப்பானா என்னும் தெருவிலிருந்த தொன்மையான மாளிகையொன்றின் மேன்மாடியில், பூனைகள் சூழ, மாணவர்க்கு வாயில் அடையாது அவர் வாழ்ந்தார். 1989-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் உயிர் நீத்தார்.

பழைய குர்னாவின் மக்களை அரசினர் 2006-ஆம் ஆண்டு தொடங்கி வேறு புதுக்குடியிருப்புக்கு அகற்றினர். கல்லறை மேலிருந்த வீடுகளும் பெரும்பாலும் இடிந்தன. ஃபத்ஹியாரின் புதுக்குர்னாவிலோ, நிலத்தடி நீர் உயர்ந்து உப்பேறியதால் மண்சுவர்கள் பல கரைந்தன. அவை இருந்த இடத்தில் கான்கிரீட்டு மாடிகள் எழுந்தன. யுனெஸ்கோவின் முயற்சியால் எஞ்சியவற்றுட் சில பழுது பார்க்கப்பட்டன. பள்ளிவாசல் மட்டும் தன் குவிமாடத்தோடு முன்போலவே நிற்கின்றது. ஊரார் அதில் தொழுது வருகின்றனர்.