தந்தையின் கலைக்கு மகன் தேடித்தந்த ஆயுள்

1942-இல் டோக்கியோவின் கோபுகான் பயிற்சிக்கூடப் பொறுப்பை ஏற்றபோது கிஸ்ஷோமாரு உயெஷிபாவுக்கு வயது 21. வசெடா பல்கலைக்கழக மாணவர். ஐகிடோவைத் தோற்றுவித்த தந்தை மொரிஹெய், வேளாண்மையும் வழிபாடுமாக வாழ இவாமா கிராமத்துக்குப் பெயர்ந்துவிட்டார். மகனிடம் எஞ்சியவை, போர்க்காலத் தலைநகரில் ஒரு மரக்கட்டடமும், இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றதால் வெறிச்சோடிவந்த பயிற்சித்தளமும்தான்.

1921-இல் அயாபேயில் பிறந்தவர் அவர். அண்ணன்மார் இருவர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்ததால், குடும்பக் கலைக்கு அவரே வாரிசானார். தந்தையோ ஒப்பாரில்லாத வித்தகர். அத்தகையோரின் பிள்ளைகள் வாழ்நாள் முழுதும் சுமக்கும் ஒப்பீடு கொடியது. மகன் அதை வாதாடி வெல்ல முயலவில்லை.

1945 வான்தாக்குதலில் சுற்றுவட்டாரமே எரிந்தபோது, அண்டை வீட்டாருடன் சேர்ந்து தீயை அணைத்துக் கூடத்தைக் காத்தார். போர் முடிந்ததும் வீடிழந்த குடும்பங்கள் அங்கேயே குடியேறின. நேச நாட்டுப் படைகளின் ஆட்சியில் தற்காப்புக் கலைகள் ஐயத்துடன் பார்க்கப்பட்டன. 1948-இல் ஐகிகாய் அறக்கட்டளைக்குக் கல்வி அமைச்சகத்தின் ஏற்பு கிடைத்தது, வருமானம் கிடைக்கவில்லை. பங்குவணிக நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, விடியலில் பயிற்றுவித்துவிட்டு அலுவலகம் சென்றார். வாரிசுரிமை என்றால் சொகுசு என்று எண்ணுவோர் இந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம்.

போருக்கு முன்பு, தக்கவர் பரிந்துரையின்றி எவரும் இக்கலையைக் கற்க இயலாது. அந்தக் கதவைத் திறந்தவர் மகனே. 1956-இல் டோக்கியோவின் டகாஷிமாயா பல்பொருள் அங்காடியில் பொதுமக்களுக்கான செயல்விளக்கம் நடந்தது. தந்தை மட்டுமன்றி, பிற ஆசிரியர்களும் தங்கள் திறனைக் காட்டினர். மறு ஆண்டே ஐகிடோ பற்றிய நூலையும் எழுதினார். தந்தை உள்ளுணர்வின் போக்கில் செய்து காட்டியவற்றை, எவரும் கற்கும் வண்ணம் பெயரிட்டு ஒழுங்குபடுத்தினார். இதனால் பழைய வீரியம் குன்றியது என்போர் இன்றும் உளர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், ஒரே மனிதரின் உடலோடு ஒட்டியிருந்த வித்தை அவ்வுடலோடு மறையாமல் தப்பியது இந்த ஒழுங்கினால்தான்.

1969-இல் மொரிஹெய் காலமானார். கிஸ்ஷோமாரு இரண்டாம் தோஷு, அதாவது வழித்தலைவர் ஆனார். 1974-இல், தலைமைப் பயிற்றுநரும் உறவினருமான கொயிச்சி தொஹெய் பிரிந்து சென்றது பேரிடி. எனினும் 1976-இல் பன்னாட்டு ஐகிடோ கூட்டமைப்பு உருவாயிற்று. 1999 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தபின், மகன் மொரிதெரு மூன்றாம் தோஷுவாகப் பொறுப்பேற்றார்.