உபதேர்தலில் தோற்ற குதிரைப்படை வீரர்

1899-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற ஊரில் உபதேர்தல். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைப் புகைபோக்கிதான்.

அங்கே ஓட்டுக் கேட்டு வந்தார், 24 வயது வாலிபர் ஒருவர். சில மாதங்களுக்கு முன்புவரை குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். மூன்று யுத்த களங்களைப் பார்த்தவர். பேசும்போது "ஸ" என்ற எழுத்து மட்டும் அவர் நாக்கில் சரியாக வராது.

அவர்தான் வின்ஸ்டன் சர்ச்சில். பிற்காலத்தில் பிரதம மந்திரியாகி ஹிட்லரை எதிர்த்து நின்றாரே, அதே சர்ச்சில். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரேதான்.

பெங்களூர் பங்களா

சர்ச்சில் 1874-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்தார். தாத்தா மார்ல்பரோ கோமகன். தந்தை ராண்டால்ப் சர்ச்சில், நிதி மந்திரியாக இருந்தவர். குடும்பத்தில் பெருமைக்குக் குறைவில்லை; பணத்துக்குத்தான் குறைவு.

படிப்பு சரியாக ஏறவில்லை. ராணுவக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் 2 தடவை தோற்று, மூன்றாவது தடவைதான் தேறினார். 1895-ல் தந்தை தமது 45-வது வயதில் காலமானார். மகனைப் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இருந்ததில்லை.

மறு வருடம் சர்ச்சில் படையோடு பெங்களூருக்கு வந்தார். காலையில் அணிவகுப்பு. மாலையில் போலோ ஆட்டம். கொளுத்தும் பகலில் மற்ற அதிகாரிகள் தூங்குவார்கள். சர்ச்சில் படிப்பார். தாயார் இங்கிலாந்திலிருந்து கட்டுக் கட்டாகப் புத்தகம் அனுப்பினார். சரித்திரம், தத்துவம், பழைய பார்லிமெண்டு விவாதங்கள். ஒரு விவாதத்தைப் படிக்கும் முன்பே, அதில் தமது கட்சி என்ன என்பதை எழுதி வைத்துக்கொள்வார். பிறகுதான் தலைவர்கள் பேசியதைப் படிப்பார். பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இப்படிப் படித்திருப்போம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அவர் கண் பார்லிமெண்டின் மீது இருந்தது. தந்தை உட்கார்ந்த சபையில் தானும் உட்கார வேண்டும். ராணுவச் சம்பளமோ கைக்கும் வாய்க்கும் போதவில்லை. யுத்த களத்திலிருந்து பத்திரிகைக்கு எழுதியதில் அதைவிட அதிகம் கிடைத்தது. 1899-ல் ராணுவத்தை விட்டார். பார்லிமெண்டு அங்கத்தினருக்கு அப்போது சம்பளமே கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

தப்பிய கணக்கு

ஓல்டாம் இரட்டை அங்கத்தினர் தொகுதி. 1952, 1957 பொதுத் தேர்தல்களில் நம் நாட்டிலும் இப்படிச் சில தொகுதிகள் இருந்தன. ஓட்டருக்கு 2 ஓட்டு. அங்கத்தினர்களில் ஒருவர் இறந்துபோனார். மற்றவர் ராஜினாமா செய்தார். இரண்டு இடத்துக்கும் ஒரே சமயத்தில் உபதேர்தல் வந்தது.

கன்சர்வேடிவ் கட்சி சார்பில் சர்ச்சிலும் மாட்ஸ்லியும் நின்றார்கள். மாட்ஸ்லி, பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் காரியதரிசி. கோமகனின் பேரனும் தொழிலாளர் தலைவரும் ஒரே மேடையில்! இரண்டு பக்கத்து ஓட்டும் வந்து சேரும் என்று கட்சி கணக்குப் போட்டது. நடந்தது வேறு. தங்கள் தலைவர் பணக்காரர் கட்சிக்குப் போய்விட்டாரே என்று தொழிலாளிகள் கோபித்தார்கள். சங்கக்காரருக்கா நம் ஓட்டு என்று கட்சியின் பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள்.

அத்துடன் இன்னொரு சங்கடம். பாதிரிமார்களுக்கு வரிச் சலுகை தரும் மசோதா ஒன்றை சர்ச்சிலின் கட்சி அரசாங்கம் கொண்டுவந்திருந்தது. அந்தச் சலுகை ஆங்கிலத் திருச்சபைக்கு மட்டும். ஓல்டாமிலோ வேறு சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஏராளம். எதிர்க்கட்சியார் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சர்ச்சில் திணறினார். கடைசியில் ஒரு நாள், தாம் ஜெயித்தால் அந்த மசோதாவை ஆதரிக்கப் போவதில்லை என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்.

கூட்டம் கை தட்டியது. ஓட்டு விழவில்லை. அரசாங்கத்தின் அபேட்சகரே அரசாங்கத்தைக் கைவிட்டுவிட்டார் என்று எதிரிகள் ஊரெங்கும் பேசிச் சிரித்தார்கள். போர்க்களத்தில் அணியை விட்டு விலகாத வீரர், தேர்தல் களத்தில் விலகிவிட்டார். அது பெரிய தவறு என்று பின்னாளில் அவரே எழுதினார்.

ஜூலை 6-ந் தேதி ஓட்டெடுப்பு. லிபரல் கட்சியின் எம்மட்டுக்கு 12,976 ஓட்டு. அதே கட்சியின் ரன்சிமனுக்கு 12,770. சர்ச்சிலுக்கு 11,477. மாட்ஸ்லிக்கு 11,449. வாலிபர் வெறுங்கையோடு லண்டனுக்குத் திரும்பினார்.

சுரங்கத்தில் ஓர் ஓட்டு

அக்டோபரில் தென் ஆப்பிரிக்காவில் யுத்தம் மூண்டது. அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் சந்ததியாரான போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை. சர்ச்சில் பத்திரிகை நிருபராகப் போனார். நவம்பர் 15-ந் தேதி அவர் சென்ற கவச ரயிலைப் போயர்கள் மடக்கினார்கள். சர்ச்சில் கைதியானார். பிரிட்டோரியா நகரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைத்தார்கள்.

டிசம்பர் 12-ந் தேதி இரவு சுவர் ஏறிக் குதித்தார். கூட்ஸ் ரயிலில் தாவி ஏறினார். விடியும் முன் குதித்து, பகல் முழுவதும் ஒளிந்து கிடந்தார். கையில் இருந்த உணவு சாக்லேட் மட்டும். அவர் தலைக்கு 25 பவுன் விலை வைக்கப்பட்டது. மறு இரவு, பசி தாங்காமல், தூரத்தில் தெரிந்த வெளிச்சத்தை நோக்கி நடந்து ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். நல்ல காலம், அது ஆங்கிலேயரான ஒரு நிலக்கரிச் சுரங்க மானேஜரின் வீடு. வேறு எந்த வீடாக இருந்தாலும் பிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

அவரைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஒளித்து வைக்க முடிவாயிற்று. இறக்கி விட்டவர் டியூஸ்நாப் என்ற என்ஜினீயர். அவருக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? ஓல்டாம்! அடுத்த தடவை ஊரார் எல்லோரும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று அவர் சர்ச்சிலின் கையைப் பிடித்துச் சொன்னார்.

எலிகள் ஓடும் இருட்டில் சில நாள் கிடந்தார். பிறகு ரயிலில் கம்பளி மூட்டைகளுக்கு நடுவே பதுங்கி எல்லை கடந்தார். இங்கிலாந்து முழுவதும் அவர் பெயர் அடிபட்டது. அவர் உடனே ஊர் திரும்பவில்லை. மறுபடி போர்முனைக்குப் போனார். 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் மலைச் சண்டை. காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களை அங்கே டோலியில் சுமந்தவர்களில் ஒருவர் காந்திஜி!

மாடியில் இருந்த மனைவி

1900 ஜூலையில் சர்ச்சில் ஓல்டாமுக்கு வந்தார். 10 சாரட்டு வண்டிகளில் ஊர்வலம். ஆலைப் பெண்கள் தெருவில் திரண்டு ஆரவாரம் செய்தார்கள். அந்தப் பெண்களுக்கு அப்போது ஓட்டு இல்லை.

ஊர் நாடகக் கொட்டகையில் கூட்டம். சுரங்க வட்டாரம் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், தம்மைக் காப்பாற்றியவர்களின் பெயரைத் தைரியமாகச் சொல்லலாம். டியூஸ்நாப் என்ற பெயரைச் சொன்னார். உடனே கூட்டத்தில் கூச்சல். அவர் மனைவி இங்கேதான் மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கத்தினார்கள். கொட்டகையே அதிர்ந்தது.

அக்டோபர் 1-ந் தேதி பொதுத் தேர்தல் ஓட்டெடுப்பு. எம்மட்டு 12,947. சர்ச்சில் 12,931. ரன்சிமன் 12,709. இவ்வளவு புகழுக்கும் சர்ச்சில் ரன்சிமனை முந்தியது 222 ஓட்டில்தான்.

ரன்சிமன் 1902-ல் வேறு ஊரில் நடந்த உபதேர்தலில் ஜெயித்தார். 1904-ல் சர்ச்சில் கட்சி மாறி, ரன்சிமனின் லிபரல் கட்சியிலேயே சேர்ந்தார். 1908-ல் இருவரும் ஒரே மந்திரி சபையில் உட்கார்ந்தார்கள். மந்திரியானவர் மறுபடி ஓட்டரிடம் போக வேண்டும் என்பது அக்காலச் சட்டம். சர்ச்சில் மீண்டும் ஓர் உபதேர்தலில் நின்றார். மான்செஸ்டரில் 429 ஓட்டில் தோற்றார். இரண்டே வாரத்தில் டண்டி என்ற ஊருக்குப் போய், அங்கே நடந்த உபதேர்தலில் ஜெயித்து வந்தார்.