ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்த வீரர்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் ஒருவராவது இல்லாத பங்கு இக்காலத்தில் அரிது. ஒரு முறை போய்வந்தால் தீர்ந்துபோகிற காரியமல்ல அது. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், ஊசி மருந்துக்கு ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்று மாதங்களும் வருடங்களும் ஓடுகின்றன. இத்தனை அலைச்சலால் யாருக்கு என்ன பயன் என்று மனம் சோர்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் பேப் ரூத் என்னும் அமெரிக்க விளையாட்டு வீரரின் கடைசி இரண்டு வருடங்களை அறிந்துகொள்வது நலம்.

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் என்பது அவருடைய முழுப் பெயர். 1895-ம் வருடம் பிப்ரவரி 6-ந் தேதி பால்ட்டிமோர் நகரில் பிறந்தார். தகப்பனார் மதுக்கடை வைத்திருந்தவர். அடங்காத பிள்ளை என்று ஏழாவது வயதிலேயே அவரைச் சவேரியார் சபைச் சகோதரர்கள் நடத்திவந்த செயிண்ட் மேரீஸ் தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சட்டை தைக்கக் கற்றார். மத்தியாஸ் என்ற சகோதரரிடம் பேஸ்பால் ஆடவும் கற்றார். கிரிக்கெட்டைப் போல் பந்தும் மட்டையும் கொண்டு ஆடுகிற ஆட்டம் அது.

1914-ல் பள்ளியை விட்டு வெளியே வந்தவருடைய புகழ் சில வருடங்களுக்குள் நாடெங்கும் பரவிற்று. கிரிக்கெட்டின் சிக்ஸருக்கு ஒப்பான அடியை 1927-ல் ஒரே பருவத்தில் 60 தடவை அடித்தார். 1935-ல் ஓய்வு பெறும்போது மொத்தக் கணக்கு 714 ஆகியிருந்தது. உண்பதிலும் குடிப்பதிலும் அளவறியாதவர் என்ற பேரும் அவருக்கு உண்டு. கோவிலை மறந்திருந்த காலமும் அவர் வாழ்வில் உண்டு.

1946-ம் வருடக் கடைசியில் அவர் குரல் கம்மியது. இடது கண்ணைச் சுற்றிப் பொறுக்க முடியாத வலி கண்டது. முதலில் பல்லில் கோளாறு என்று எண்ணிப் பற்களைப் பிடுங்கினார்கள். பிறகுதான் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்புறத்தில், கபாலத்தின் அடிவரை புற்று பரவியிருப்பது தெரிந்தது. நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் நவம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை கிடந்தார். அறுவைக்கு முன்னே பாவசங்கீர்த்தனம் செய்து திவ்விய நற்கருணை உட்கொண்டார். கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. நம் ஊரில் கரண்டு வைப்பது என்று சொல்கிறார்களே, அந்தக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். மலைபோல் இருந்த உடம்பு மெலிந்தது, முடி உதிர்ந்தது. வியாதியின் பெயரை வீட்டாரும் வைத்தியரும் அவரிடம் சொல்லவில்லை.

1947 ஜூன் மாதக் கடைசியில் டெரோப்டெரின் என்ற புது மருந்தை டாக்டர்கள் அவருக்குக் கொடுக்க எண்ணினார்கள். அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள்; மனிதரிடத்தில் அதன் பலன் இன்னதென்று தெரியாது. ரூத் சம்மதித்தார். நல்லதோ கெட்டதோ, இதில் தெரிய வருவது பிற்பாடு இதே வியாதிக்காரருக்கு உதவும் என்று எண்ணியதாகத் தம் வாழ்க்கை நூலில் கூறியிருக்கிறார். சில வாரம் நாள்தோறும் ஊசி. வலி குறைந்தது, கழுத்துக் கட்டிகள் வற்றின, கெட்டியான உணவு இறங்கிற்று. அந்த செப்டம்பரில் செயிண்ட் லூயிஸ் நகரில் கூடிய சர்வதேசப் புற்றுநோய் மாநாட்டில் அவர் பெயரைச் சொல்லாமலே இச்செய்தியை வைத்தியர்கள் வெளியிட்டார்கள்.

அம்மருந்தைத் தயாரித்த லெடர்லி ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் யார் தெரியுமா? சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ். ரூத் பிறந்த அதே 1895-ல் பிறந்து, ரூத் மரித்த அதே 1948 ஆகஸ்டு மாதத்திலேயே மரித்தவர்.

நல்ல மாற்றம் நீடிக்கவில்லை. வலி திரும்பிற்று. ஆனாலும் ரூத் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. சிகிச்சைக்கு இடையிடையே ஊர் ஊராகச் சென்று, சிறுவர்களின் ஆட்டங்களைக் கண்டு உற்சாகமூட்டினார். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தம் பெயரில் ஒரு தர்ம நிதியும் ஏற்படுத்தினார். 1948 ஜூன் 13-ந் தேதி, தாம் ஆடிப் புகழ்பெற்ற யாங்கி மைதானத்துக்குப் பழைய உடையணிந்து வந்து, பந்தடிக்கும் மட்டையையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சில நாளில் மறுபடியும் ஆஸ்பத்திரி. ஜூலையில் அவஸ்தைப்பூசுதல் பெற்றார். ஆகஸ்டு 16-ந் தேதி, 53-வது வயதில் மரித்தார். செயிண்ட் பாட்ரிக் பேராலயத்தில் அவருக்கு அடக்கப்பூசை நடந்தது.

அவர் குணமடையவில்லை என்பது மெய். ஆனால் கதிரும் மருந்தும் இரண்டுமாகக் கொடுக்கப்பட்ட முதல் நோயாளிகளில் அவர் ஒருவர். மூக்குக்குப் பின்னால் வருகிற அதே புற்று முற்றிய நிலையில் இருக்கும்போது, இன்று உலகெங்கும் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள், பலர் பிழைக்கிறார்கள். சுப்பாராவ் குழுவினர் உண்டாக்கிய மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தும் இன்றுவரை உபயோகத்தில் இருக்கிறது.

ஆகையால், சிகிச்சைக்கு நடந்து நடந்து அலுத்த சகோதரனே, சகோதரியே, இன்று உன் கையில் ஏறும் மருந்து, உனக்கு முன்னே இப்படி நடந்தவர்கள் விட்டுச்சென்ற ஆஸ்தி. அடுத்த தேதியைத் தவறவிடாதே. அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது தனியாக இருந்தால் மிக நீளம். ஒரு நாள் கூடப் போய் உட்காருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு போடுங்கள். செபத்தோடு இதுவும் வேண்டும்.